ரப்பர் சார்

பிள்ளைகள் வரைந்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத்தான் முதலில் தடவிப் பார்ப்பார். பென்சில் அழுந்திய தடம் விரலில் தட்டுப்பட்டால், "இவன் யார் மேலயோ கோவத்துல போட்டிருக்கான்" என்பார். தடமே இல்லையென்றால், "கோட்டுக்கு வலிக்குமோன்னு பயந்திருக்கு, பாவம்." கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. விளையாட்டுச் சாமான் அறையின் மூலையில், காற்றுப்போன பந்துகளுக்கும் ஸ்கிப்பிங் கயிறுகளுக்கும் நடுவே ஒரு மேசை. அந்தத் தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியருக்கு ஒதுக்கிய இடம் அதுதான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ரப்பர் சார். வகுப்பில் நுழைந்ததும் ஒரு பிஸ்கட் டப்பாவை நீட்டி எல்லாருடைய ரப்பரையும் வாங்கி வைத்துக்கொள்வார். "அழிக்காதீங்கப்பா. எங்க தடுமாறினீங்கன்னு தெரிஞ்சாதான் என்னால மார்க் போட முடியும்." மணியடித்ததும், கடித்த தடத்தை வைத்தே எது யாருடையது என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் யாராவது வரைந்து கொடுத்த படம் வந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "உங்கம்மாவுக்கு ஏ கிரேடுடா. விடாம வரையச் சொல்லு. உன்னோடத நாளைக்குக் கொண்டு வா."

பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். "சார், உங்க பீரியட எனக்குத் தாங்களேன். படம்தானே?" இவர் மறுபேச்சில்லாமல் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் ஒற்றை ஆள். மகள் கடல் தாண்டி இருக்கிறாள், பேசும்போதெல்லாம், "சாப்டீங்களாப்பா?" என்பதற்குள் அங்கே குழந்தை அழத் தொடங்கிவிடும். திங்கட்கிழமைகளில் முதல் பீரியட் முழுக்க அவர் தொண்டை கரகரக்கும். சாருக்குச் சளி என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். சனியும் ஞாயிறும் பேச்சுக்கு வேலையில்லாமல் கிடந்த தொண்டை அது.

இந்தப் பருவத் தேர்வுக்குத் தலைப்பு, 'என் வீடு'. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாள் கொள்ளாமல் ஒரு வீட்டை வரைந்திருந்தாள். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை, கூரையில் பூனை. கதவு மட்டும் இல்லை.

"வீட்டுக்குக் கதவே போடல பாருங்க. மார்க்கக் குறைச்சிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் வகுப்பு டீச்சர்.

கேட்காமல் குறைக்க இவருக்கு மனம் வரவில்லை. இடைவேளையில் அவளைத் தேடிப் போனார்.

"கதவு எங்க கண்ணு? மறந்துட்டியா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பாவும் வந்தாச்சு சார். எல்லாரும் உள்ளதான் இருக்கோம். அப்புறம் எதுக்குக் கதவு?"

"வேற யாராவது வந்தா?"

"யாரு சார் வருவா? அதான் எல்லாரும் இருக்கோம்ல!"

சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அவர் மேசைக்குத் திரும்பி, படத்தின் பின்பக்கத்தில் முழு மதிப்பெண்ணை எழுதினார்.

வகுப்பு டீச்சர் விடவில்லை. "கதவில்லாத வீட்டுக்கு முழு மார்க்கா? மத்த பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"என்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

குரல் உயரவில்லை, ஆனால் அசையவும் இல்லை. இந்த மனிதருக்கு இப்படியும் பேசத் தெரியுமா என்பதுபோல் டீச்சர் ஒரு கணம் பார்த்துவிட்டு, தாள்களை அள்ளிக்கொண்டு போனார்.

சாயங்காலம் வழக்கம்போல் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு மாடியேறினார். பையிலிருந்து சாவியை எடுத்தவர், அதை நுழைக்காமல், கதவை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு, திறக்க வருகிறவருக்கு இடம் விடுவதுபோல் ஓரடி பின்னால் தள்ளி நின்றார்.