சாயங்காலச் சரடு

நாள் முழுக்க நடந்தும் கனகலட்சுமி பன்னிரண்டு அடிக்கு அப்பால் போனதில்லை. சுவரில் ஒரு கொக்கி. எதிரே சக்கரம் வைத்த சின்னப் பலகையில் திருகிய கை டிரில், அதன் மூக்கில் இன்னொரு கொக்கி. கோனிலிருந்து பாலியெஸ்டர் நூலை இழுத்துக்கொண்டு இந்தக் கொக்கிக்கும் அந்தக் கொக்கிக்கும் ஆறு நடை நடக்க வேண்டும். அப்புறம் டிரில்லின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முறுக்கு ஏற ஏற நூல் குறுகும், பலகை மெல்ல முன்னால் நகர்ந்து வரும். தரையில் அடித்திருக்கும் சிவப்புக் கோட்டைப் பலகை தொட்டதும் சுற்றுவதை நிறுத்தி, நூலை நடுவில் பிடித்து மடித்தால் அது தானாக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நுனியில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு முடிச்சு. யோயோ என்கிற விளையாட்டு வட்டில் மாட்டுகிற சரடு ஒன்று முடிந்தது. அடுத்த சரடுக்கு மறுபடியும் ஆறு நடை.

ராஜபாளையத்தில் முடங்கியார் சாலைப் பக்கம் இருந்த அந்தக் கொட்டகையில் ஆறு பெண்கள் இப்படி நடந்தார்கள். முதலாளி கௌதம்ராஜுக்கு முப்பத்திரண்டு வயது. அவன் அப்பா பேண்டேஜ் துணி நெய்தவர். இவன் இணையத்தில் எதையோ தேடப் போய் யோயோ சரடைப் பிடித்துக்கொண்டான். வெளிநாட்டில் பெரிய ஆட்களே யோயோ வைத்துப் போட்டி போடுகிறார்கள், ஒரு நாளைக்கு மூன்று சரடு மாற்றுகிறார்கள் என்று அவன் சொன்னதைக் கனகலட்சுமி வீட்டில் போய்ச் சொன்னபோது, அவள் புருஷன் மாரீஸ்வரன் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனான்.

கனகலட்சுமிக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருஷம் ஒரு மில்லில் இழைகளைச் சேர்த்து முறுக்குகிற டபுளிங் செக்‌ஷனில் நின்றவள். முட்டி தேய்ந்து, ஷிஃப்ட் ஒத்துக்கொள்ளாமல் அங்கிருந்து வந்தாள். நூலைத் தொட்டாலே முறுக்கு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். அதனால் சரடுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலையையும் கௌதம்ராஜ் அவளிடமே விட்டான். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, நடுவிரலில் சரடை மாட்டி, யோயோவைக் கீழே வீசுவாள். அது தரைக்கு ஒரு சாண் மேலே நின்று சுழலும். விரலைச் சுண்டினால் உள்ளங்கைக்கு ஏறி வந்துவிடும். முறுக்கு கூடிய சரடு நிற்க விடாமல் பாதியிலேயே இழுத்துக்கொள்ளும். குறைந்த சரடு தொளதொளவென்று தொங்கும், யோயோ செத்த எலி மாதிரி கிடக்கும். முதல் வாரம் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கப்படவும் தெம்பில்லாமல் போயிற்று. நடுவிரலில் மோதிரம் கழற்றின இடம் போல ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது.

போன வைகாசியில் மாரீஸ்வரனுக்கு முதுகுத் தண்டில் நரம்பு அழுந்திப்போயிற்று. அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தான். கனகலட்சுமி விடியலில் சோழபுரத்து வீட்டில் சோறு வடித்து, பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அவனுக்கு முகம் கழுவிவிட்டு, ஊட்டிவிட்டு, அங்கிருந்து ராஜபாளையம் வந்து நூல் இழுத்தாள். சாயங்காலம் மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஒரு நாள், "எம்மா, ஒக்காந்துக்கிட்டே தூங்குதியே, செத்த சாஞ்சுக்கோ" என்றாள். சாய்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில்தான் அது நடந்தது. மூன்று மணிக்கு மேல் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பலகை சிவப்புக் கோட்டுக்கு நாலு விரற்கடை பின்னால் இருக்கும்போதே சுற்றுவதை நிறுத்தினாள். ஒரு சரடில்தானே என்று நினைத்தாள். அப்புறம் அதுவே பழகிவிட்டது. சோதிக்கிறவளும் அவளே என்பதால் யாரும் கேட்கவில்லை.

ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் திரும்பி வந்தது. பாதிச் சரடு தொங்குகிறது, ஆட முடியவில்லை என்று வாங்கியவர் எழுதியிருந்தார். கௌதம்ராஜ் யாரையும் திட்டவில்லை. கோயம்புத்தூர் போனான். பத்து நாளில் ஒரு மெஷின் வந்து இறங்கியது. பீரோ உயரம், நூல் முறுக்குகிற எட்டுக் கதிர். பட்டனை அழுத்தினால் எட்டுச் சரடும் ஒரே நேரத்தில் முறுக்கி, மடித்து விழுந்தன. முடிச்சு மட்டும் கையால் போட வேண்டும்.

"கனகம்மா, நாளைக்குக் கைச் சரடு, மெஷின் சரடு ரெண்டையும் வீசிப் பாத்துச் சொல்லுங்க. உங்க கை சொல்றதுதான் எனக்கு முடிவு" என்றான்.

அன்று பஸ் ஸ்டாப்பில் நாகஜோதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகஜோதி அடுத்த கொக்கிக்காரி. புருஷன் விட்டுப்போய், மகளை நர்சிங் படிக்க வைக்கிறவள். கனகலட்சுமி ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாட்களில் அவள் பங்குச் சரடிலும் முப்பது நாற்பது முறுக்கிக் கொடுத்தவள்.

"யக்கா, கைச் சரடுதான் நல்லாருக்குன்னு சொல்லிருங்க. அந்த மெஷினுக்கு ரெண்டு ஆள் போதும். மிச்ச நாலு பேரு எங்க போவோம்?"

"பாப்போம்ட்டி."

"பாக்க என்ன இருக்கு? வாயத் தொறந்து சொல்லணும், அம்புட்டுத்தானே."

வீட்டில் மாரீஸ்வரனிடம் சொன்னாள். அவன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "உனக்கு எது முடியுமோ அதச் சொல்லு" என்றான். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவனுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டியிருந்தது.

மறுநாள் கௌதம்ராஜ் முப்பது சரடுகளைக் கலந்து போட்டிருந்தான். எல்லாம் ஒரே வெள்ளை. எது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒவ்வொன்றிலும் சின்னத் துண்டு அட்டை கட்டி, எழுத்துத் தெரியாமல் மடித்து ஒட்டியிருந்தான். பெண்கள் நூலை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கனகலட்சுமி ஒவ்வொன்றாக மாட்டி வீசினாள். பத்தாவது சரடிலேயே தோள் வலித்தது. வீசி வீசி மூன்று குவியலாகப் பிரித்தாள். முதல் குவியலில் நாலே நாலு. அவை மாவு போல மிருதுவாக ஓடின, யோயோ போதுமென்கிற வரை நின்று சுழன்றது. இரண்டாவதில் பதினைந்து, எல்லாம் ஒரே மாதிரி, குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதில் பதினொன்று. அவற்றை மாட்டும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது, எந்த ஆஸ்பத்திரி நாளின் சரடு இது என்று.

கௌதம்ராஜ் முதல் இரண்டு குவியலின் அட்டைகளைப் பிரித்தான். நடுக் குவியல் முழுக்க மெஷின். முதல் நாலும் கைச் சரடு.

"அப்ப கைச் சரடுதான் ஒசத்தி" என்றாள் நாகஜோதி உடனே. "பாத்தீங்களா சார்?"

அவன் யோசித்தான். "மூணாவது குவியல்?"

"திரும்பி வந்த பார்சல்ல உள்ளது சார்" என்றாள் கனகலட்சுமி. "பிரிச்சுப் பாக்க வேண்டாம். எல்லாம் நான் முறுக்குனது."

கௌதம்ராஜ் மூன்றாவது குவியலிலிருந்து கையை எடுத்தான்.

"கோட்டுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். கை ஓயுது சார். எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே மூணு மணிக்கு மேல ஓயும். அந்த நாலும் காலையில முறுக்குனதாத்தான் இருக்கும். காலையில நம்ம சரடை அடிச்சுக்க மெஷினால முடியாது. சாயங்காலம் அது நம்மளவிட நல்லாச் செய்யுது. எனக்குத் தோணுனது இதுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாகஜோதி தன் கொக்கிக்குத் திரும்பிப் போய், இல்லாத நூலை இழுத்துக் கட்டுகிறவளைப் போல முதுகைக் காட்டி நின்றாள்.

கௌதம்ராஜ் ஒரு வாரம் எடுத்துக்கொண்டான். பார்சலால் அவனுக்கு நஷ்டம் வந்திருந்தும் கனகலட்சுமியை அனுப்பவில்லை. இரண்டு பேர் காலை எட்டிலிருந்து மதியம் ஒன்று வரை கையால் முறுக்குவது. அது தனிப் பாக்கெட்டில் போகும். மெஷினுக்கு இரண்டு பேர். மீதி இரண்டு பேருக்குத் தெரிந்தவர் யூனிட்டில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலை பேசிக்கொடுத்தான். அந்த இரண்டு பேரில் நாகஜோதியும் ஒருத்தி. காலையோடு முடிகிற வேலையின் கூலி அவளுக்குக் கட்டாது.

கனகலட்சுமி மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நடக்க வேண்டாம் என்று நினைத்தாள். நடக்கத்தான் வேண்டாம், நிற்க வேண்டியிருந்தது. ஒரு மாதத்தில் முட்டிவலி குறைந்து குதிகால் வலி வந்தது. எட்டுக் கதிரும் ஓயாமல் தள்ளுகிற சரடுகளுக்கு முடிச்சுப் போட்டுப் போட்டு நகக்கண் வெடித்தது. மெஷின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிச் சரடும் காலைச் சரடு மாதிரியே வந்து விழுவதைப் பார்க்கும்போது, கொஞ்சம் பொறாமையாக மட்டும் இருக்கும்.

நாகஜோதி அதே பஸ்ஸில்தான் வந்தாள். மூன்று மாதம் முகம் கொடுக்கவில்லை. கனகலட்சுமி முன்னால் ஏறினால் அவள் பின்னால் ஏறுவாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று இவள் பலமுறை நினைத்தாள். எதற்கென்று கேட்பது, சொன்னதற்கா, அந்தப் பதினொரு சரடுக்கா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு மழை நாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கனகலட்சுமி கம்பியில் தொங்கிக்கொண்டு, மருந்தும் காய்கறியும் இருந்த பையைத் தோளுக்கும் கைக்குமாக மாற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நாகஜோதி வெளியே பார்த்தபடியே கையை நீட்டினாள்.

"குடுங்க பைய."

கொடுத்தாள். நாகஜோதி அதை மடியில் வைத்துக்கொண்டாள். சிறிது தூரம் போன பிறகு, "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"எந்திரிச்சு நடக்காவ. மூட்டை தூக்க முடியாது."

"சரி" என்றாள் நாகஜோதி. சோழபுரம் வரும் வரை பையை மடியிலிருந்து எடுக்கவில்லை.