வட்டைவிதானைக்கு எத்தனை வீடு?

கல்முனையிலிருந்து சாகாமத்துக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவன் நான். இல்லை, பொய். சைக்கிள் காற்றுப் போய் மாமரத்தில் சாய்ந்து கிடந்தது. பஸ்ஸில்தான் போனேன், அதிலும் காரைதீவு தாண்டும் முன்பே தூங்கிவிட்டேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கோர்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

1979, மாரி வெள்ளாமை நெல்வெட்டு நேரம். என் தங்கச்சி மைமூனின் மகளுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசினோம். மைமூன் வீட்டில் பேச்சு நன்றாகத்தான் போனது, நான் வாயைத் திறக்கும் வரை.

"நாங்க ஆருண்டு நினைச்சீங்க? வெள்ளைக்காரன் காலத்துல சாகாமத்துல வட்டைவிதானையா இரிந்தாரே அகமதுலெவ்வை, அவர்ட மகள்ட வழி" என்றேன். வட்டைவிதானை என்றால் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் அதிகாரி.

மாப்பிள்ளையின் தாய் சுலைஹா மடித்த வெற்றிலையைத் தட்டத்தில் திருப்பி வைத்தார்.

"நாங்களும் அவர்ட மகள்ட வழிதானே!"

எங்கள் பகுதியில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கல்யாணம் செய்யமாட்டோம். அந்த இரண்டு மகள்மாரும் ஒரு தாய் பெற்றவர்கள் என்றால் இரு வீட்டாரும் ஒரே குடி, கல்யாணம் இல்லை. வேறு வேறு தாய் என்றால் தடையில்லை. விதானைக்கு ஒரே மனைவிதான் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவனும் நானேதான்.

எங்களிடம் ஒரு பழைய கிதாபு, மார்க்கப் புத்தகம், இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் விதானை அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதியிருக்கிறார்: மகள் பிறந்தாள், கல்முனையில், என் வீட்டில். சுலைஹாவிடம் ஒரு காணி உறுதி, நிலப் பத்திரம். மகளுக்குச் சாகாமத்தில் வாய்க்காலோரத் துண்டைச் சீதனமாகக் கொடுப்பவர், 'பாலமுனையில் குடியிருக்கும்' அதே விதானை. ஒரே ஆள், இரண்டு ஊர். இரண்டில் ஒன்று பொய் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எது பொய் என்பதில்தான் சண்டை.

"சாகாமத்துக்குப் போய் விசாரிங்க. மூணு நாள் தாறன். இல்லாட்டி நாங்க வேற இடம் பாக்கிறம்" என்றார் சுலைஹா. கதவுக்குப் பின்னால் மைமூனின் மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை 6.10. கல்முனை பஸ், அக்கரைப்பற்றுக்கு ரூபாய் இரண்டே கால். பதினேழு மைல் என்றார் கண்டக்டர். எனக்கு மூன்று மைல்தான் நினைவிருக்கிறது.

8.30. அக்கரைப்பற்றில் பஸ் இல்லை. சாகாமத்துக்கு நெல்மூட்டை ஏற்றப் போகும் டிராக்டர் ஒன்றின் பெட்டியில் தொற்றிக்கொண்டேன். ஓட்டியவர் தங்கராசா, சாகாமத்துத் தமிழர், என் வயதுக்காரர். வழியெல்லாம் வெட்டிய வயல், போராகக் குவித்துச் சூடு வைத்த நெல், கொக்குக் கூட்டம். பள்ளம் வரும்போதெல்லாம் நான் ஒரு அடி மேலே போய் வந்தேன். அந்த ஆட்டத்திலேயே கதையைச் சொல்லி முடித்தேன்.

"காக்கா, உங்கட வாப்பா எந்த ஊரில பிறந்தவர்?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார் தங்கராசா.

"நிந்தவூர்."

"எங்க இரிந்தவர்?"

"கல்முனையில. உம்மாவக் கலியாணம் முடிச்ச பிறகு அங்கதானே."

"நீங்க இப்ப ஆருட வீட்டில இரிக்கிங்க?"

"பொண்டாட்டிட வூட்டதான். வேற எங்க இரிக்கிற?"

டிராக்டரை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். "எங்கட ஆக்களுக்கும் அதே வழக்கம்தான். ஆம்பிளைக்கு வீடெண்டா அது பெண்சாதிட வீடு. உங்கட விதானைக்கு ரெண்டு ஊரில வீடு எண்டா என்ன கருத்து?"

இரண்டு வீடு என்றால் இரண்டு பெண்சாதி! இருபது வருடமாக மனைவி வீட்டில் சோறு தின்கிறேன், இது தோன்றவில்லை. இரண்டு கடதாசியும் உண்மை. பொய் சொன்னது நான் மட்டும்தான்.

10 மணி. விதானையின் காணியைத் தங்கராசாவே காட்டினார். நடுவே டிராக்டர் போகுமளவுக்கு ஒரு வரம்பு. அங்கே நின்றவரிடம் வயலின் பெயர் கேட்டேன்.

"வாய்க்காலோரம் கிடக்கிறது மூத்தவள் வயல். பின்னுக்குக் கிடக்கிறது இளையவள் வயல்."

"ஏன் அந்தப் பேர்?"

"ஆருக்குத் தெரியும்? அப்பிடித்தான் சொல்லுற."

எனக்குத் தெரிந்தது. இரண்டு மனைவியர், நடுவே அகலமான வரம்பு. விதானை அனுபவசாலி. முதல் தண்ணீர் மூத்தவளுக்குப் பாயும்.

மாலை 4 மணிக்குப் பாலமுனையில் இறங்கி, சுலைஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப குடி வேற?"

"வேற."

"அல்ஹம்துலில்லாஹ்! வாய்க்காலோரம் எங்கட துண்டுதானே? அப்ப நாங்க மூத்தவட ஆக்கள்!"

"ஓம்" என்றேன், மெல்ல.

"பரவாயில்ல. இளையவட புள்ளய எடுக்கிறதுல எங்களுக்கு ஒரு குறையுமில்ல. நாளைக்கே வந்து நாள் குறிக்கிறன்."

கல்யாணம் உறுதியாகிவிட்டது. ஆனால் மைமூன் விதானையின் பெயரைச் சொல்லியே ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறவள். நாங்கள் இளையவளின் ஆட்கள் என்பதை அவளிடம் யார் சொல்வது? அன்றிரவு குடி வேறு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, பயணக் களைப்பென்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை 9 மணி, மைமூன் வீடு. மைமூன் தேநீரோடு வந்து முன்னால் குந்திக்கொண்டாள்.

"காக்கா, குடி வேற எண்டீங்க, சந்தோசம். எப்பிடிக் கண்டுபிடிச்ச? முழுசாச் சொல்லுங்க."

பஸ்ஸிலிருந்து தொடங்கினேன். கண்டக்டரின் மீசையைச் சொன்னேன். ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாகச் சொன்னேன்.

"பள்ளத்த விடுங்க. வயலுக்கு வாங்க."

"வயலுக்குப் போனனா, நடுவுல இவ்வளவு அகலத்துல ஒரு வரம்பு. அதுக்கு அங்கால..."

வேலிப் படலை திறந்தது. பலகாரப் பெட்டியோடு சுலைஹா நின்றார். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்துக் கேட்குமளவுக்குக் கூப்பிட்டார்:

"இளையவட வூட்டுக்காரர்! ஆரும் இல்லயா? எழும்பி வாங்க, மூத்தவட ஆக்கள் வந்திரிக்கம்!"