எந்த ஊரிலும் இல்லாத பிளேன்

எனக்கு ஆகாய விமானம் என்றாலே தும்மல் வரும். காரணம் மிளகாய் வத்தல். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில், எங்கள் வீட்டு அடுப்படி மாடத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. முதலாளி பங்களாவுக்கு லீவுக்கு வந்த மெட்ராஸ் பிள்ளைகள் குப்பையில் போட்டுவிட்டுப் போன பெட்டி அது. அங்கே கூட்டிப் பெருக்கப் போன அம்மா, ஈரம் ஏறாத நல்ல கெட்டி அட்டை என்று எடுத்து வந்து வத்தல் போட்டு வைத்திருந்தாள். அதன் மூடியில் ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. இருட்டு அடுப்படியில் படம் தெரிய வேண்டுமானால் மூக்கை மூடியோடு ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும், ஒட்டவைத்தால் நெடி ஏறும், நான் தும்முவேன், அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வந்துட்டாருய்யா பைலட்டு" என்பாள்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாலாம் வகுப்பில் இரண்டு வருசம் இருந்தேன். மூன்றாவது வருசமும் இருக்கத் தயாராகத்தான் இருந்தேன், வாத்தியார்தான் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எழுத்துப்பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், மற்ற பிழைக்கெல்லாம் நான் பொறுப்பு.

அந்தப் படத்து விமானம், எப்போதாவது மேகம் விலகினால் எங்கள் மலைக்கு மேலே கோடு போட்டுப் போகிற விமானம் மாதிரி இல்லை. நாலு இறக்கை, சக்கரமே கிடையாது, மீன்கொத்திக்கு இருக்கிற மாதிரி நீட்டு மூக்கு, வயிற்றுக்கு அடியில் நீல நெருப்பு, பின்னால் வானத்தில் இரண்டு நிலா. இரண்டு நிலா இருக்கிற ஊர் எது என்று ஜீப்பு டிரைவர் தங்கராசு அண்ணனிடம் கேட்டேன். மலைக்கும் போடிக்கும் தினமும் லோடு அடிக்கிறவர், உலகம் தெரிந்தவர். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கேரளாவுக்கு அங்கிட்டு இருக்கும்டா" என்றார். பல வருசம் நான் அதை நம்பினேன்.

பெட்டியின் பக்கவாட்டில் இன்னும் ஆறு விமானங்கள் சின்னச் சின்னதாக இருந்தன, ஒன்றுகூடப் பூமியில் ஓடக்கூடியது இல்லை. பெட்டிக்குள் அடியில் ஒரு பிளாஸ்டிக் சட்டமும் கிடந்தது, உள்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் குச்சியாக நீட்டிக்கொண்டு. நான் அதைச் சீப்பு என்று முடிவு செய்து இரண்டு நாள் தலை வாரினேன். மூன்றாம் நாள் என் அண்ணன் பார்த்துவிட்டு, "அட கிறுக்கா, அது சீப்பு இல்லடா. பிளேனோட சாமான் பூராம் இந்தச் சட்டத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஒண்ணொண்ணாத் திருகி எடுத்து நம்மளே ஒட்டிச் செய்யணும். அந்த மெட்ராசுப் புள்ளைக எல்லாத்தையும் திருகி எடுத்துட்டு வெறும் சட்டத்தப் போட்டுட்டுப் போயிருக்குக" என்றான்.

அன்றைக்குப் பிடித்தது ஆசை. ஒரு சாமான்கூடத் திருகாத முழுச் சட்டம், யாரும் திறக்காத பெட்டி, புத்தம் புதுசு வேண்டும். அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். எனக்கு வந்த எதுவும் அவனிடம் இருந்துவிட்டுத்தான் வந்தது. டவுசர், செருப்பு, போர்வை, அம்மைகூட அவனுக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு வந்தது. இது ஒன்றாவது முதல் கையாக எனக்கு வர வேண்டும் என்று இருந்தது. தோட்டத்தில் என் வயசுப் பயல்கள், "என்னடா, உன் பிளேனு கொண்டை ஊசி வளைவுல மாட்டிக்கிச்சா?" என்று கேட்பார்கள். நான் அவர்களுக்கு முன்னாலேயே என்னைக் கேலி செய்துகொள்வேன், அவர்களுக்குச் சோலி மிச்சம்.

அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் பக்கத்தில் கடை இல்லை, ஏலக்காய் உலர்த்துகிற வீடு. பறித்து வந்த பச்சைக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி அடுக்கி, வெளியே அடுப்பில் விறகு எரித்து, அறைக்குள் ஓடும் தகரக் குழாயின் சூட்டில் ஒரு நாள் முழுக்கக் காயவைப்பார். தனக்குப் பின்னால் அண்ணன் அந்த அடுப்புக்கு வருவான் என்று நினைத்திருந்தார். அண்ணன் துபாய்க்குப் போகிறேன் என்றான். "இங்க இருக்கிற சூடு பத்தலைன்னு அங்க போறியாக்கும்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று ஸ்டோரை விட்டு வெளியேயும் வரவில்லை. நான்தான் ஜீப்பு வரைக்கும் ஓடினேன். வத்தல் பெட்டியின் பக்கவாட்டைக் கிழித்து, ஆறில் ஒரு விமானத்தின்மேல் அடுப்புக்கரியால் கோடு போட்டு, அண்ணன் சட்டைப்பைக்குள் செருகினேன். நல்ல பெட்டியைக் கிழித்ததற்கு அம்மா விளக்குமாற்றோடு லயத்தைச் சுற்றிச் சுற்றி என்னைப் பறக்கவிட்டாள்.

இரண்டரை வருசம் கழித்து, ஆடிச் சாரலில், நாற்பது நாள் லீவில் அண்ணன் வந்தான். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குக் கம்பளிச் சட்டை, எனக்குக் கரிக்கோடு போட்ட அதே விமானம். பெட்டியைச் சுற்றிக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. எத்தனை கடையில் அந்தக் கிழிசல் அட்டையைக் காட்டிக் காட்டிக் கேட்டானோ, அது மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து துணி மாதிரி ஆகியிருந்தது. நான் பெட்டியை முகர்ந்தேன். வத்தல் வாசனை துளிகூட இல்லை. இருந்தும் தும்மினேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன், அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்வேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒன்றைத் திருகிவிட்டால் புதுசு போய்விடுமே. பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டேன், பக்கத்தில் வைத்துத் தூங்கினேன், குலுக்கிக் குலுக்கிச் சத்தம் கேட்டேன். "திறந்து தொலையேன்டா, உள்ள என்ன பாம்பா இருக்கு?" என்றாள் அம்மா. நாளைக்கு, நாளைக்கு என்றே முப்பத்தாறு நாள் ஓட்டினேன்.

அந்த முப்பத்தாறு நாளும் அப்பாவும் அண்ணனும் பேசிக்கொள்ளவில்லை. "சாப்பிட்டாச்சாமா?" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கேட்பார், "ஆச்சு" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சொல்வான். நடுவில் நாங்கள் இரண்டு பேரும் போஸ்ட் ஆபீசு. கம்பளிச் சட்டை மடிப்புக் கலையாமல் கொடியில் தொங்கியது. இவன் இப்படியே திரும்பிப் போனால் அப்புறம் வரவே மாட்டான் என்று அம்மா பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அண்ணன் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, "நீ திறக்கிறியா, நான் திறக்கவா?" என்று கண்ணாடித்தாளை அவனே கிழித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் சாமானைத் திருகினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. தரையில் சாக்கு விரித்து, படம் பார்த்துப் பார்த்து, பெட்டியோடு வந்த பசையில் ஒட்டினோம்.

இரண்டாம் நாள் அப்பா வேலை முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது எந்த ஊரு பிளேனு?" என்றார்.

எனக்குத் தெரியாது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வந்ததிலிருந்து முதல்முறையாக அப்பாவைப் பார்த்து, "எந்த ஊருலயும் இல்லப்பா. எவனோ ஒருத்தன் மனசுல நெனச்சுச் செஞ்சது" என்றான்.

"இல்லாத பிளேனுக்கு நாலு ரெக்கை எதுக்குடா? ரெண்டு போதாதா?"

"நெனைக்கிறதுன்னு ஆகிப்போச்சு, அதுலயும் கஞ்சத்தனம் எதுக்குப்பா?"

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல உள்ளே போனாள். பசை இறுகும் வரை இறக்கையைப் பிடித்திருக்க ஆள் வேண்டியிருந்தது, அப்பா உட்கார்ந்து பிடித்தார். காயைத் தொட்டே ஈரம் எவ்வளவு என்று சொல்கிற விரல்கள், ஆடாமல் பிடித்தன. "இன்னும் புடிக்கணுமாடா?" என்று கேட்பார், "இன்னும் கொஞ்சம்ப்பா" என்பான் அண்ணன். பசை எப்போதோ இறுகிவிட்டது.

கடைசி நாள் பெயிண்டு அடித்தோம். பெட்டியில் விமானம் வெள்ளி நிறம். எங்களிடம் இருந்தது தங்கராசு அண்ணன் ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பச்சை. எங்கள் மலையில் சாரல் பிடித்தால் வீட்டுக்குள்ளே மேகம் வந்து உட்காரும், எதுவும் காயாது. சாயங்காலம் வரைக்கும் பெயிண்டு பிசுபிசு என்று ஒட்டியது. அண்ணனுக்கு விடிந்ததும் ஜீப்பு. "ஈரத்தோடயா புள்ளை பாத்துட்டுப் போவான்? கொண்டா இங்கிட்டு, வெரசாக் காஞ்சிரும்" என்று அப்பா கையை நீட்டினார்.

சாரல் மாதத்தில் எங்கள் தோட்டத்தில் காயாத எதுவும் ஸ்டோருக்குத்தான் போகும். பிள்ளைத்துணி, கம்பளி, நனைந்த தீப்பெட்டி, பள்ளிக்கூடப் பை எல்லாம் அப்பாவின் தட்டுகளில் காய்ந்துதான் வீடு திரும்பும். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிளாஸ்டிக் சூடு தாங்காது என்று அண்ணனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் அப்பா அவனிடம் கையை நீட்டி ஒன்றைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது. கொடுத்துவிட்டான். அப்பாவும் குறை வைக்கவில்லை. முதல் தரக் காய் இருந்த தட்டை நகர்த்திவிட்டு, குழாயை ஒட்டி, நல்ல சூடு வருகிற இடத்தில் வைத்தாராம்.

காலையில் அப்பா அதை ஒரு தட்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். நாலு இறக்கையும் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. மூக்கு வளைந்து வயிற்றைத் தொட்டது. பெயிண்டு மட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது. அப்பா எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, "இது இப்படித்தான் ஆகுமாடா?" என்றார், மெதுவாக.

அண்ணன் முகம் சிவந்தது. "ஏம்ப்பா, பிளாஸ்டிக்க யாராச்சும்..." என்று ஆரம்பித்தான். ஜீப்பு வெளியே ஹாரன் அடித்தது. அந்த வாக்கியம் முடிந்தால் என்ன ஆகும் என்று படிக்காத எனக்கே தெரிந்தது.

"அது எறங்கிருச்சுப்பா" என்றேன் நான். "எறங்குனா ரெக்கையை மடக்காதா? காக்கா மடக்குது, இது மடக்கக் கூடாதா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார். "அப்படியாடா?"

எந்த ஊரிலும் இல்லாத பிளேன், இறங்கினால் எப்படி இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா" என்றான். அம்மா முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தோம். அப்பா கொடியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, அண்ணன் பெட்டியைத் தானே தூக்கி ஜீப்பு வரைக்கும் போனார். ஜீப்பு திரும்பும் வரை நின்றார்.

"இந்த இடத்துல அழுதீங்களாப்பா?" என்று என் மகள் பேனாவை நிறுத்திக் கேட்கிறாள். இல்லை என்று எழுதச் சொன்னேன். இல்லைதான். மனசு, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. போய்ச் சாப்பிட்டேன். இரண்டு தடவை சோறு வாங்கினேன். அப்பா அந்த விமானத்தை ஸ்டோர் சன்னலில் வைத்து, காய் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "எறங்குன பிளேனு, சின்னவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்று காட்டிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தடுத்த லீவுக்கு முன்னால் அண்ணன் கடிதத்தில் கேட்பான், சின்னவனுக்கு என்ன வேண்டுமென்று. ஒன்றும் வேண்டாம் என்று எழுதச் சொல்வேன். பெருந்தன்மை என்று வீட்டில் நினைத்தார்கள். யோசித்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். கைக்கடிகாரம் கொண்டுவந்தான், டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தான், எல்லாம் புதுசு, வாங்கிக்கொண்டேன்.

இப்போது அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. அந்த ஸ்டோரை இடித்துவிட்டு மெசின் வைத்துவிட்டார்கள், பொத்தானை அமுக்கினால் காய் காய்கிறது. இடித்த அன்று சன்னலில் இருந்தது எந்தப் பக்கம் போனது என்று யாரும் கவனிக்கவில்லை, நானும் போய்த் தேடவில்லை. அண்ணன் ஒரேயடியாகத் திரும்பி வந்து போடியில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறான்.

போன மாதம் அவன் கண்ணுக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போயிருந்தோம். பஸ்சுக்கு நேரமிருந்ததால் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். ஒரு அலமாரி முழுக்க அந்த மாதிரிப் பெட்டிகள், நாலு இறக்கை, ஆறு இறக்கை, பின்னால் மூன்று நிலாகூட. அண்ணன் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது. உள்ளே சாமான்கள் குலுங்கின. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதாவது வருகிறதா என்று உள்ளே தேடினேன். நாக்கின் கீழே, நெஞ்சில், எங்கேயும் இல்லை. அந்த ஆசை இருந்த இடம்கூட இருக்கவில்லை.

"வேணாம்ணே" என்றேன்.

"ஏன்டா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி ஊரையே சிரிக்கவைத்தவன் நான். அண்ணனும் அதற்காகத்தான் பாதிச் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றான். நான் பெட்டியை அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, இருந்த இடத்திலேயே, பக்கத்துப் பெட்டியோடு விளிம்பு சேர்த்து நேராக வைத்தான்.

"வா, பஸ்சு வந்துரும்" என்றான்.