கிணறு நிறைந்த வருஷம்

அண்ணனுக்குப் பெண் அமையாததற்கு எங்கள் கிணறுதான் காரணம் என்றால், நல்லூர் பனியன் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்குத் தண்ணீர் கேனில் வருகிறது.

எங்கள் தோட்டம் திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலை ஒட்டி இருக்கிறது. சாயப்பட்டறைகள் ஆற்றில் விட்ட உப்புக் கழிவெல்லாம் எங்கள் மண்ணில்தான் இறங்கியது. பிறகு கோர்ட்டு, கேஸ் என்று ஆகி, விடுவது நின்றது. கூடவே மழையும் நின்றது. கிணறு வறண்டு, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றித்தான் அண்ணன் மாடுகளைக் காப்பாற்றினான். தண்ணீர் இல்லாத காட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஏழெட்டு இடம் தட்டிப்போனது.

போன ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கிணறு மேல்படி வரைக்கும் நிரம்பியது. அண்ணன் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "எளநியாட்ட இருக்குது அம்மிணி!" என்றான். கிணற்றடியில் பொங்கல்கூட வைத்தான்.

அந்தச் சூட்டோடு புரோக்கர் மடத்துக்குளத்தில் ஒரு இடம் சொன்னார். சின்ன விவசாயக் குடும்பம். அங்கே தாய்மாமன் சொல்தான் முடிவு. அந்த மனிதர் முன்பு நொய்யல் கரையில், எங்களுக்கு மேற்கே, ஆறு வரும் திசையில், சாயப்பட்டறை நடத்தியவர். அது தெரிந்தும் அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தான். அவர்கள் வீடு பார்க்க வருவதற்கு முந்தின நாள், காடு பச்சென்று தெரியட்டும் என்று பகல் முழுக்க மோட்டாரை ஓட விட்டான். அதுவே வினையாகப் போயிற்று.

மழை கொண்டுவந்த நல்ல தண்ணீர் கிணற்றின் மேலாகத்தான் நின்றிருக்கிறது. மோட்டார் அதை இறைத்துத் தள்ளியதும், சுற்றியிருந்த மண்ணிலிருந்து வேறு தண்ணீர் ஊறி உள்ளே வந்துவிட்டது. வறட்சியில் மண்ணுக்குள் சும்மா கிடந்த பழைய உப்பெல்லாம் ஈரம் ஏறியதும் கரைந்து வந்திருக்கிறது. இது பிற்பாடு புரிந்த சங்கதி. அவர்கள் வந்த அன்று காலை, பலகாரம் சுடும் பரபரப்பில், முன்பே பிடித்து வைத்திருந்த தண்ணீரையே புழங்கிக்கொண்டிருந்தோம்; கிணற்றுத் தண்ணீரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கவில்லை.

வந்தவர்களுக்குக் கொடுக்க நான் கேன் தண்ணீரை எடுத்தேன். "நம்ம கெணத்துத் தண்ணி குடு" என்று அண்ணனே போய்ச் சொம்பில் மொண்டு வந்தான். தாய்மாமன் ஒரு மடக்குக் குடித்தார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினார்.

"மாப்பிள்ளையக் கொறை சொல்லலீங்க. இந்த உப்புத் தண்ணியில எங்க புள்ள எப்படீங்க பொழைக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க பட்டறைத் தண்ணிய எங்கீங்க உட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"எல்லாருந்தானுங்க ஆத்துல உட்டாங்க. மழை வந்தா அடிச்சுட்டுப் போயிருமுன்னு நெனச்சோமுங்க" என்றார், வெகு சாதாரணமாக.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் பக்கம் தின்றவன் ஒருவன், குடிப்பவன் இன்னொருவன். அண்ணன் என்னை முறைத்துவிட்டு, அவர் வாய் கொப்பளிக்கக் கேன் தண்ணீரை நீட்டினான். அந்த மரியாதையை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

இந்த வருஷமும் நல்ல மழை. கிணறு உப்புத் தண்ணீரால் நிறைந்து கிடக்கிறது. பொங்கலூரில் ஒரு இடம் இருப்பதாகப் புரோக்கர் சொன்னதை அண்ணனிடம் சொன்னேன். தொட்டியில் மாட்டுக்கு லாரித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கெணறு வத்தட்டும் அம்மிணி. அப்பறமா வரச் சொல்லு."