நாற்பத்தோராவது ஓட்டு

போன வாரம், புதன்கிழமை, என் ஐந்தாம் வகுப்பில் ஒரு தேர்தல் நடத்தினேன். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பது பேர். விழுந்த ஓட்டு எண்பது.

கள்ள ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். நடந்தது இதுதான். "லேட்டாக வருகிறவர்களை வெளியே நிறுத்தி வைப்பது வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நாற்பது கைகளும் உயர்ந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே... "வேண்டும் என்பவர்கள்?" என்று கேட்டேன். மறுபடியும் நாற்பது கைகள். இந்தத் தடவை இன்னும் உயரமாக. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் எழுந்தே நின்று, "டீச்சர் நான், டீச்சர் நான்" என்று துடித்தார்கள்.

அவர்கள் மேல் என்ன தப்பு? வகுப்பில் கை தூக்கினால் 'எனக்கு விடை தெரியும், என்னைக் கேளுங்கள்' என்று அர்த்தம். அதைத்தான் ஐந்து வருஷமாகப் பழக்கியிருக்கிறோம். கையைத் தூக்காமலும் இருக்கலாம் என்று யாராவது சொல்லிக்கொடுத்தோமா?

இதே பிள்ளைகளை எழுப்பி, ஓட்டுப் போட என்ன வயது என்று கேளுங்கள். பட்டென்று கோரஸாகச் சொல்வார்கள். குடிமைப் பாடம் மொத்தமும் மனப்பாடம்.

சரி, எதற்காக இந்தத் தேர்தல்? கஸ்தூரிக்காக.

கஸ்தூரி என் வகுப்புப் பெண். வீடு மந்தைவெளிக்கு அந்தப் பக்கம். அவள் அம்மா விடிகாலையிலேயே ஆழ்வார்பேட்டைக்கு வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார். தெருக்குழாயில் தண்ணீர் வருவதோ ஒன்பது மணிக்கு. ஐந்து குடம் பிடித்து வைத்துவிட்டு இவள் ஓடி வருவதற்குள் பிரேயர் முடிந்துவிடும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிரேயருக்குப் பிறகு வந்தால், முதல் பீரியட் முடிகிறவரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். முதல் பீரியட் கணக்கு.

போன செவ்வாய்க்கிழமை அவள் என்னிடம் வந்து, இந்த வெள்ளிக்கிழமையோடு நின்றுவிடப் போகிறேன் என்று சாதாரணமாகச் சொன்னாள். அம்மா சொல்லிவிட்டாராம்: "வெளிய நிக்கறதுக்கு இஸ்கூலு இன்னாத்துக்கு? எங்கூட வேலைக்கு வந்தா அங்கயாவது உள்ள நிக்கலாம்."

 

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. வீட்டில் கடிகாரம் இல்லாததால், டீக்கடை ரேடியோவில் செய்தி முடிந்ததும் ஓடுவேன். செய்தி நீண்டுபோன நாட்களில் நானும் வெளியேதான் நின்றேன். எங்கள் வீட்டுக்கு முதல் கடிகாரம் வந்ததே என் முதல் சம்பளத்தில். அதனால் கஸ்தூரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அப்போதுதான் ட்ரெய்னிங்கில் படித்தது ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடமே ஒரு குட்டிச் சமுதாயம், பிள்ளைகள் அங்கே ஜனநாயகத்தை வாழ்ந்து பழக வேண்டும் என்று வெளிநாட்டுக் கல்வி அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதை எங்களுக்கு நடத்திய விரிவுரையாளர் என்ன செய்தார் தெரியுமா? 'குழந்தை தானாகச் சிந்திக்க வேண்டும்' என்பதை மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி டிக்டேட் பண்ணினார். அடிக்கோடு போடச் சொன்னார். நாங்களும் ஒரு எழுத்து மாறாமல் எழுதி, உருப்போட்டு, பாஸ் பண்ணினோம்.

இந்த லட்சணத்தில் தேறியவள் நடத்திய தேர்தல் வேறு எப்படி இருக்கும்?

கை தூக்குவது உதவாது என்று ஆனதும் ரகசிய ஓட்டுக்கு மாறினேன். கரும்பலகை ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சாக்பீஸ் டப்பா. வெளியே நிறுத்த வேண்டாம் என்றால் புளியங்கொட்டை போட வேண்டும், நிறுத்த வேண்டும் என்றால் சின்னக் கல். ஒவ்வொருவராகப் பலகைக்குப் பின்னால் போய்விட்டு, ஏதோ பெரிய மனுஷத்தனம் வந்துவிட்ட மாதிரி திரும்பி வந்தார்கள். டப்பாவை மேஜையில் கவிழ்த்தேன்.

புளியங்கொட்டை பதினொன்று. கல் இருபத்தொன்பது.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மனசு வெள்ளை, இரக்கம் மிகுந்தது என்றெல்லாம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே முன்பு எழுதியிருக்கிறேன். ஜனநாயகம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது எனக்குப் பிடித்த முடிவாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டிருக்கிறேன்... அதுதான் சங்கதி. டப்பாவை மூடிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. எதற்கும் காரணம் கேட்போமே என்று கேட்டேன்.

மூன்றாம் பெஞ்ச் பாபு எழுந்தான். குட்டிப் பையன், பெரிய குரல்.

"எங்க வூட்லயும் அதே கொழாதான் டீச்சர். நானும்தான் தண்ணி புடிக்கிறேன். புடிச்சிட்டு ஓடியாறேன். அது ஆடி அசைஞ்சு வருது. வேணும்னா அதையே கேளுங்க."

அதையே கேட்பதா? எல்லோரும் வாசலைப் பார்த்தோம். கஸ்தூரி வெளியேதான் நின்றுகொண்டிருந்தாள். புத்தகப் பை தோளில், ஈரம் காயாத பாவாடை.

லீடர் ஸ்டெல்லா சாந்தோம் பக்கத்துப் பெண், எதையும் மெல்லத்தான் சொல்லுவாள். "டீச்சர், கஸ்தூரி இன்னும் ஓட்டே போடலியே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்காகத் தேர்தலோ, அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்தியிருக்கிறேன். நாற்பது பேரை எண்ணினேன், எண்பது கைகளை எண்ணினேன், கல்லையும் கொட்டையையும் எண்ணினேன். நாற்பத்தோராவது ஓட்டு எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. படித்தவள் நான்!

உள்ளே கூப்பிட்டேன். என்ன நினைக்கிறாய், சொல் என்றேன். அழுவாள், கெஞ்சுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் முதலில் பாபுவைத்தான் பார்த்தாள்.

"உங்க வூட்ல ரெண்டு கொடம், எங்க வூட்ல அஞ்சு. அஞ்சு கொடம் தூக்கிட்டு நீ ஓடு பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "லேட்டா வந்தா நிக்க வெக்கிறது கரெக்டுதான் டீச்சர். நான் இன்னா சொல்றேன்னா, உள்ள நிக்க வெயுங்க. வெளிய நின்னா போர்டு தெர்ல. இவங்க எல்லாம் சேர்ந்து சொல்றாங்களே, அந்த விடை மட்டும் காதுல வுழுது. கணக்கு இன்னான்னு தெர்ல."



விடை கேட்கிறது, கணக்கு தெரியவில்லை. நம்மில் பாதிப்பேர் படித்த படிப்பே இதுதானே? கேள்வி என்னவென்று பார்க்காமலே விடைகளைக் காதில் வாங்கிக்கொண்டு பட்டம் வாங்கிவிடுகிறோம். 'இந்த வயதில் பிள்ளைகளுக்கு எதற்கு ஜனநாயகம், முதலில் வாய்ப்பாடு வரட்டும்' என்று கே.கே. நகர் வாசகி ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். வாய்ப்பாடு வர வேண்டும் என்றுதான் அம்மா, இந்தப் பெண் உள்ளே நிற்க இடம் கேட்கிறாள்.

பாபு தலையைச் சொறிந்தான். "டீச்சர், நான் போட்ட கல்ல திரும்பி எடுத்துக்கலாமா?"

எடுக்க முடியாது, ஆனால் மறுபடி ஓட்டுப் போடலாம் என்றேன். லேட்டாக வந்தால் உள்ளே, கரும்பலகை தெரிகிற மாதிரிச் சுவரோரம் நிற்க வேண்டும் – இதுதான் புதுத் தீர்மானம். இந்த முறை நாற்பத்தொரு பேர். புளியங்கொட்டை நாற்பது, கல் ஒன்று.

அந்த ஒரு கல் யாருடையது? எனக்கு இன்றைக்குவரை அரிக்கிறது. கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை, ஒரு முறை முறைத்தால் போதும். முறைக்கவில்லை. இந்த வருஷம் நான் கற்றுக்கொண்டதில் கஷ்டமான பாடம் அதுதான்.

வியாழக்கிழமை காலை எங்கள் பெரிய டீச்சர் வராந்தாவில் போனவர் நின்றுவிட்டார். லேட்டாக வந்த பெண் உள்ளே நிற்கிறாளே! யார் முடிவு என்று கேட்டார். வகுப்பு முடிவு என்றேன். நாளைக்குப் பரீட்சையே வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால் என்ன செய்வாய் என்றார். நியாயமான கேள்வி. அப்படி வந்தால் பரீட்சை எதற்கு என்று நான் அவர்களுக்குப் புரிய வைக்க வேண்டியிருக்கும் டீச்சர், இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்காத்துல மட்டும் இந்த டப்பாவைக் கொண்டு வந்துடாதே. எனக்கு டெபாசிட்கூடக் கிடைக்காது." முழுப் பரீட்சை வரைக்கும் இப்படியே நடக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமையும் கஸ்தூரி வந்தாள். அவள் அம்மா என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் திங்கட்கிழமை வருவாளா என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்தது. கணக்கு பீரியட் ஆரம்பித்தது. பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓடி வருகிற காலடிச் சத்தம், பை உரசுகிற சத்தம்... சுவரோரம் வந்து நின்றுவிட்டாள். இரைப்பு அடங்கவில்லை. அம்மாவை நீயே சமாளித்தாயா என்று கண்ணாலேயே கேட்டேன். "உள்ளதான் நிக்கிறேன்னு சொல்லிட்டேன் டீச்சர்" என்றாள், அவ்வளவுதான்.

பலகையைக் காட்டி, விடை யார் சொல்வது என்று கேட்டேன். சுவரோரமிருந்து ஒரு கை உயர்ந்தது. சொன்னாள்.

விடை தப்புதான். ஆனால் அது கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்ன தப்பு!