மாடியில் புகைந்த பன்றித் தொடை

கல்யாணமான வருடம். கிறிஸ்துமஸுக்கு ஹாம் செய்து தருகிறேன் என்று மாமியாரிடம் பீற்றிக்கொண்டேன். உப்பில் ஊறிய பன்றித் தொடையை, கோச்சடையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பழைய டிரம்முக்குள் தொங்கவிட்டு, அடியில் கொய்யாக் கட்டையைப் புகையவிட்டேன். புகை தெருவையே மூடியது. அதுவரை நான் பேசியேயிராத பக்கத்து வீட்டம்மா கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து, டிரம்முக்குள் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

"தீ அணைஞ்சிருச்சு, பயப்படாதீங்க!"

"ஐயோ, தீயில்லைங்க! உள்ள கறி தொங்குது!"

எட்டிப் பார்த்தவர் தலையில் கைவைத்தார். "இம்புட்டுப் புகையில கறிய யாரு கண்டா? கொண்டாங்க, குக்கர்ல போட்டுருவோம்."

சாம்பலைக் கழுவி, மிளகு அரைத்துப் போட்டு, அவரே வறுத்துக் கொடுத்தார். மாமியார் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஹாமுன்னா இம்புட்டு ருசியா இருக்குமா?"

நானும் பக்கத்து வீட்டம்மாவும் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடினோம்.

தீ என்று நினைத்தும் அவர் விலகி ஓடாமல் என் மாடிக்குத்தான் ஓடி வந்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.