எட்டு மணிக்கு இறக்கிய முட்டைக்கோஸ்

விடிவதற்குள் முடிந்துபோகும் வேலையை விடிந்த பிறகு பிள்ளைகளுக்குக் காட்டுவதுதான் எனக்கு வந்து சேர்ந்த உபதொழில். கிள்ளான் பக்கம் காய்கறி மொத்தப் பாசாரில் ராத்திரி லோரி இறக்குகிறவன் நான். அதிகம் படிக்கவில்லை, கைத்தொலைபேசியை மட்டும் நோண்டி நோண்டிக் கற்றுக்கொண்டேன். கூட்டாளி கிருஷ்ணனின் மகள் காவ்யா படிக்கும் தமிழ்ப்பள்ளியில், பாசாரை வீடியோ காலில் காட்டி எடைக் கணக்கு நடத்தலாம் என்று தேன்மொழி டீச்சர் கேட்டார். தலையாட்டிவிட்டேன். தூக்கக் கண்ணோடு அடுத்தவருக்குச் சிரித்துக் காட்டியவரா நீங்கள்? அப்படியானால் நம்ம ஆள்தான்.

முதல் அழைப்பு

முகம் கழுவி, தலை சீவி, தராசைப் பற்றி வெகுநேரம் விளக்கினேன். கேமரா என் பக்கமே திரும்பியிருந்தது எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு பையன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்: "அங்கிள், தராசு எங்க? உங்க மூக்குதான் தெரியுது லா!"

காலி இடம்

அடுத்த வாரம் கேமராவைச் சரியாகத்தான் பிடித்தேன். ஆனால் வகுப்பு தொடங்கும் காலை எட்டு மணிக்குப் பாசாரில் என்ன இருக்கும்? சரக்கெல்லாம் போய்விட்டது. ஓர் ஆன்டி கோஸ் இலைகளைத் தண்ணீர் அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். "இங்கதான் லோரி வரிசையா நிக்கும்" என்று ஈரச் சிமெண்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஒரு பிள்ளை மெதுவாகக் கேட்டது: "டீச்சர், அங்கிள் கார் பார்க்லயா வேலை செய்றாரு?"

மறுபடி ஏற்றினோம்

டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் குத்தியது. அதனால் மூன்றாவது வாரம் சில முட்டைக்கோஸ் கூடைகளை அனுப்பாமல் நிறுத்தி வைத்தேன். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பப்போன கிருஷ்ணனை, "காவ்யா பாக்கும்டா, கொஞ்சம் இரு" என்று தடுத்தேன். முதுகு வலியோடு இருந்தவன் உடனே சீப்பு கேட்டான்.

காலி லோரியில் கூடைகளை ஏற்றினோம். வகுப்பு பார்க்க அவன் இறக்கினான். நான் தராசைக் காட்டும் சாக்கில் கேமராவைத் திருப்பியபோது திரும்ப ஏற்றினான், கேமரா வந்ததும் திரும்ப இறக்கினான். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததேயில்லை. அப்போதுதான் காவ்யாவின் குரல்: "அப்பா, அதே பிடி உடைஞ்ச கூடைதானே? ஏன் திரும்பத் திரும்ப எறக்குறீங்க?"

வகுப்பே சிரித்தது. "நடிக்கிறாரு!" என்று யாரோ கத்தினார்கள். கூடையை வைப்பதா தூக்குவதா என்று தெரியாமல் நின்றான் கிருஷ்ணன். லைன் சரியில்லை என்று சொல்லி அழைப்பை வெட்டினேன். அவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "ராத்திரி முழுக்க மெய்யாத் தூக்குனேன், யாரும் பாக்கல. எம் புள்ள பாத்தது நடிச்சதைத்தான்ணே."

உள்ளபடி

டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன். "என்கிட்ட எதுக்குண்ணே? பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க" என்றார். மறுவாரம் கேமராவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே சொன்னேன்: நீங்கள் எழுந்திருப்பதற்குள் எங்கள் வேலை முடிந்துவிடும்; காவ்யா அப்பாவை நடிக்கச் சொன்னது நான். யாரும் சிரிக்கவில்லை. "அப்பா அங்க இருக்காங்களா?" என்று காவ்யா கேட்டது.

ஒரு வாரமாக என்னோடு பேசாத கிருஷ்ணன், அன்று வீட்டுக்கும் போகாமல் பின்னால்தான் இருந்தான். திருப்பிக் காட்டினேன். வெங்காய மூட்டைமேல் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், பூட்ஸைக்கூடக் கழற்றாமல். ஐயோ, இதுவும் போச்சே என்று போனை இழுக்கப்போனேன். அதற்குள் சிரித்துக் கத்தத் தொடங்கிய வகுப்பைக் காவ்யா அதட்டியது: "கத்தாதீங்க லா, எங்கப்பா இப்பத்தான் வேலை முடிச்சாரு!"

நிஜ உலகத்தை வகுப்புக்குள் கொண்டுவரத்தான் டீச்சர் கேட்டார். நாடகம் போட்டு நான் கெடுத்ததைக் கிருஷ்ணன் தூங்கியே சரிசெய்துவிட்டான்.